மம்மலுக்கு என்ன இங்கிலீஷ்?

நியூ லின், ஓக்லாந்து
10.12.1996

என் அன்பான மாகிரட்டுக்கு,

இங்கே நான் சுகம். நீரும் பிள்ளை றோஷினியும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு இருமல் விட்டதா? உம்முடைய தம்பி மேர்வின் இன்னும் நம் வீட்டில்தானே இருக்கிறான்? இந்தக் கடிதத்தை அவனிடம் காட்ட வேண்டாம். வேறு காரணம் ஒன்றுமில்லை, வீணாக யோசிப்பான்.

நல்ல செய்தி எழுதத்தான் ஆசை. ஆனால் என் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். பதற வேண்டாம், மேல்முறையீடு இருக்கிறது. தை மாதக் கடைசியில் விசாரணை. அதிலும் தவறினால் என்னைத் திருப்பி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். உங்கள் இரண்டு பேரையும் இங்கே கூப்பிடுகிற கதையும் அதோடு முடிந்தது. கொழும்பில் இறங்கினால் எனக்கு என்ன நடக்கும் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை.

மறுத்த காரணத்தைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. ஆர்மி என்னைப் பிடித்தது எந்த நேரம் என்று போன மாசியில் நடந்த விசாரணையில் கேட்டார்கள். மம்மல் நேரம் என்றேன். பொழுது பட்டு இருள் மூடுகிற நேரத்துக்கு நாங்கள் வேறு என்ன சொல்வோம்? மொழிபெயர்க்க வந்தவர் பங்கஜம் என்று திருச்சிப் பக்கத்து அம்மா. நல்ல மனுஷி, ஆனால் மம்மலை அவர் கேள்விப்பட்டதே இல்லை. இராச்சாப்பாட்டு நேரம் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டார். மறுப்பு வந்த பிறகு போய்க் கேட்டால், ஆமா சார், எங்க ஊர்ல கொழந்தைக்குச் சோறு ஊட்டுறப்ப மம்முன்னு சொல்லுவோம், அதுன்னு நெனச்சுட்டேன் என்று கையைப் பிசைகிறார்.

வெள்ளைக்காரர் இராச்சாப்பாடு சாப்பிடுவது ஆறு மணிக்கு. இங்கே கோடையில் அந்நேரம் வெயில் முகத்தில் அடிக்கும். மவுண்ட் வெல்லிங்டனில் வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகும் யன்னலில் வெளிச்சம் நிற்கும். ஆகவே என்னை நல்ல வெளிச்சத்தில் பிடித்ததாக அந்த அதிகாரி எழுதிக்கொண்டார். முதல் வாக்குமூலத்திலோ, என்னோடு அறையில் இருக்கிற சற்குணம் இருட்டிய பிறகு என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தான். முன்னுக்குப் பின் முரண், நம்ப முடியாது என்று முடித்துவிட்டார்கள்.

இப்போது என் வழக்கைப் பார்க்கிற சட்டத்தரணி சின்ன வயது வெள்ளைக்காரப் பெண். மம்மலுக்கு இங்கிலீஷில் என்ன என்று நானும் அவரும் ஒரு பின்னேரம் முழுவதும் மாரடித்தோம். இருள்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இவர்களிடம் எத்தனை சொல் தெரியுமா? ட்வைலைற் என்றால் சூரியன் போன பிறகும் வானத்தில் வெளிச்சம் இருக்கிறதாம். டஸ்க் என்றால் அதுவும் கறுத்து வருகிறதாம். குளோமிங் என்றொன்று, அது ஸ்கொட்லாந்துக்காரர் பாட்டுக்குத்தான் சரி என்று சிரித்தார். நைற்ஃபோல் என்றால் இரவு விழுகிறது. நமக்குப் பொழுது படுகிறது, இவர்களுக்கு இரவு விழுகிறது.

பிறகு அவர் சிரிக்கவில்லை. எந்தச் சொல் என்று அவர் கேட்பது ஒரு காரணத்தோடுதான். முகம் தெரிந்ததா, தெரியவில்லையா? ட்ரக்கில் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டிருந்த தலையாட்டிதான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக் காட்டிக் கொடுத்தான் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவன் யாரென்று சொல்ல முடிந்தால் வழக்கே வேறு என்கிறார். தெரிந்தவன் ஒருவனே காட்டிக் கொடுத்தான் என்றால், நான் திரும்பிப் போவது ஆபத்து என்பதை அவர்கள் தட்ட முடியாதாம். முகம் தெரியவில்லை என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார். அதையேதான் சொன்னேன்.

நீர் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அன்றைக்கு என்னை வெறும் மேலோடு, கட்டியிருந்த சாரத்தோடு இழுத்துப் போக, நான் போட்டுக்கொள்ள நீர் என் சேட்டை எடுத்துக்கொண்டு ட்ரக் வரைக்கும் ஓடி வந்தீர். கண்ட சாட்சி நீர்தான். சமாதான நீதவானிடம் போய் ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்பும். நன்றாக இருட்டிவிட்டது, யாரையும் அடையாளம் காண முடியவில்லை என்று எழுதும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நான் சொன்னபடியே எழுதும், மாகிரட். உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மேர்வின் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? அவனோடு கோபிக்க வேண்டாம்.

உங்களையே நினைத்திருக்கும்,
ஏர்னஸ்ட்

மன்னார்
3.1.1997

பாசமுள்ள றோஷினியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நத்தார்ப் பண்டிகை கழிந்துதான் கைக்கு வந்தது. பிள்ளைக்கு இருமல் விட்டுவிட்டது. முன்பல் ஒன்று விழுந்து, சிரிக்க வெட்கப்படுகிறாள். கொழும்புக்குப் போகிற சிஸ்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வழியில் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சத்தியக் கடதாசி இதோடு வருகிறது. ஆனால் நீங்கள் சொன்னபடி எழுதவில்லை. பொழுது பட்டிருந்தது, ஆனாலும் முகம் தெரிகிற வெளிச்சம் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். சேட்டை உங்களிடம் தந்துவிட்டுத் திரும்பும்போது அந்தத் தலையாட்டி தண்ணீர் குடிக்க முகத்துச் சாக்கைத் தூக்கினான். நான் பார்த்தேன். நீங்கள் பார்த்ததையும் பார்த்தேன். அது மேர்வின் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்காகத்தான் மறைக்கிறீர்கள், விளங்குகிறது. அதற்காகப் பிள்ளை தகப்பனில்லாமல் வளர வேண்டுமா? எனக்கு அவன்மேல் கோபம், உங்கள்மேல் அதைவிடக் கோபம். ஒரே வீட்டில் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, தெரியாதவள் மாதிரி இவ்வளவு காலம் இருந்துவிட்டேன். நீங்களும் தெரியாதவர் மாதிரி கடிதத்துக்குக் கடிதம் அவனைச் சுகம் விசாரிக்கிறீர்கள். எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

நேற்று அவனிடம் கேட்டுவிட்டேன். ஆர் வந்தாலும் தலையாட்டச் சொன்னவங்கள் அக்கா, ஆட்டினனான் என்றான். பிறகு, அத்தான்ர வழக்கில என்ர பேரைச் சொல்லச் சொல்லி எழுதுங்கோ என்று அவனாகவே சொன்னான். அழுதுகொண்டுதான் சொன்னான்.

ஆகவே கேட்டால் பெயரைச் சொல்லுங்கள். என் மனைவியின் தம்பி என்றும் சொல்லுங்கள். எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களைப் பிடிப்பதற்கு முன் அவனை ஆர்மி முகாமில் கைகளைப் பின்னால் கட்டித் தூக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். இன்றைக்கும் அவனால் தன் சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடியாது. காலையில் நான்தான் பூட்டி விடுகிறேன். பெயரைச் சொன்ன கையோடு இதையும் சொல்லுங்கள். அந்தப் பங்கஜம் அம்மாவுக்கு விளங்கும்வரை அவசரப்படாமல் ஆறுதலாகச் சொல்லி, ஒரு சொல்லும் பிசகாமல் இங்கிலீஷுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மாதா உங்கள் நாவில் இருப்பாராக.

உங்கள்
மாகிரட்