ஒரே ஷிஃப்டில் இருவர்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் துணி உலர்த்தப் போனால் கொடிக்கயிறு இல்லை. இவர் கழற்றி கேம்பர் வண்டிக்குள் வைத்துவிட்டார். டீ வடிகட்டியைத் தேடினேன், அதுவும் அங்கேதான். கொஞ்சம் அசந்தால் என்னையும் மடித்து உள்ளே வைத்துவிடுவார்.

என்னைக் கேட்காமல் வாங்கிய வண்டி அது. இரண்டு சக்கரத்தின் மேல் ஓர் அறை. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பொம்மைக்கு முகம் கழுவிவிடும் அளவுக்கு ஒரு தொட்டி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கட்டிலில் ஏறி வழிவிட வேண்டும். இவர் அதை மாளிகை என்கிறார். எனக்கு அது பெட்டி.

ஒரு தடவை வருகிறேன், பிடிக்காவிட்டால் விற்றுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்காமல் சரி என்றார். அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

மகள் போனில் சிரித்தாள். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் முழுசா ஒரு நாள் ஒண்ணா இருந்து நான் பார்த்ததே இல்லையே." விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நெருடியது. உண்மைதானே. எனக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி, இவருக்குப் பகலில் லிஃப்ட் ரிப்பேர். நான் ஷூவைக் கழற்றும்போது இவர் மாட்டிக்கொண்டிருப்பார். வாசலில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் குடித்தனம். கேஸ் தீர்ந்துபோச்சு, பாப்பாவுக்கு இருமல், சாவி ஆணியில இருக்கு — இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது இரண்டு பேரும் ஓய்வு. ஆளுக்கொரு அறையில், வாடகைக்கு வந்தவர்கள் மாதிரி மரியாதையாக இருக்கிறோம்.

பெட்டிக்குள் என்ன பேசுவோம்?

செப்டம்பர் 4, வியாழன்

கிளம்பிவிட்டோம். தெருமுனை திரும்பும்போது பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி சாய்ந்தது. மற்றபடி சேதம் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல் முகாம். ஏரிக்கரையில் மரத்தடி மரத்தடியாக இடம் பிரித்து விட்டிருக்கிறார்கள். நம் இடத்துக்குள் பெட்டியைப் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதானில் மானம் மரியாதை எல்லாம் போய்விட்டது.

ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் பெட்டி வலது பக்கம் போகிறது. நான் பின்னால் நின்று கையைக் காட்டினேன். எனக்கு இடது அவருக்கு வலதா, கண்ணாடியில் பார்த்தால் மறுபடி இடதா — இரண்டு பேருக்கும் குழப்பம். சுற்றியிருந்த கேம்பர்களிலிருந்து ஒவ்வொருவராக மடக்கு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கடலையைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டார். தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்து இவருக்கு யோசனை சொன்னார். அவருடைய மனைவி வந்து அந்த யோசனை தப்பு என்றார். பிறகு அவர்கள் இருவரும் சண்டை போட, நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

கடைசியில் கொக்கியைக் கழற்றி நாலு பேர் சேர்ந்து கையாலேயே தள்ளி நிறுத்தினார்கள். இவர் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். டீ மட்டும் பிரமாதம்.

செப்டம்பர் 6, சனி

இவர் குறட்டை விடுவார் என்று எனக்குத் தெரியாது. கட்டிக்கொண்டு இத்தனை காலம் ஆகிறது, யாராவது நம்புவார்களா? விடியற்காலையில் கேட்டால், தான் குறட்டை விட்டதே இல்லை என்று அடித்துச் சொன்னார். யார் கேட்டிருக்கிறார்கள், இவர் தூங்கும்போது வீட்டில் யார் இருந்தார்கள்?

என்னை சிஸ்டர் என்று கூப்பிடுவது இவர் பழக்கம். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கேலியாக ஆரம்பித்தது, ஒட்டிக்கொண்டது. காலையில் குழாயடியில் "சிஸ்டர், சோப்பு எங்கே?" என்று சத்தம் போட்டார். தொப்பிக்காரர் மனைவி என்னிடம் வந்து, அண்ணனும் தங்கையும் இப்படி ஒற்றுமையாக ஊர் சுற்றுவது அபூர்வம் என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார். நான் மறுக்கவில்லை. இவர்தான் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

காரில் பேச்சு இருபது நிமிஷத்தில் தீர்ந்துபோகிறது. அப்புறம் ரோட்டைப் பார்க்கிறோம். நல்ல ரோடு என்கிறார். ஆமாம் என்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கடலுக்குப் போக வேண்டுமானால் நடுவில் மலையைத் தாண்ட வேண்டும். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. உச்சியில் நிறுத்திப் படம் எடுத்தோம். இறக்கம் ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. மூன்றாவது வளைவோ நாலாவதோ, பெட்டி பின்னால் மெல்ல ஆட ஆரம்பித்தது. இடுப்பை ஒடித்து நடப்பது போல. முதலில் எனக்குச் சிரிப்புகூட வந்தது. இவர் பயந்துபோய் பிரேக்கை அழுத்தினார். அவ்வளவுதான், பெட்டி காரையே பிடித்து உலுக்கியது. ரோட்டின் இந்த ஓரம், அந்த ஓரம். எப்படியோ, பாறைப் பக்கம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

நிறுத்திய பிறகும் ஸ்டீயரிங்கை விடவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை, மேலுதட்டில் வியர்வை. இந்த முகத்தை வார்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இவர் கழுத்துக்கு மேல் பார்த்ததில்லை. ஐயோ, நெஞ்சா — அதுதான் முதலில் தோன்றியது. நாடி பிடித்தேன். வேகம், ஆனால் சீராக இருந்தது. வலி இருக்கா, கை மரத்துப்போகுதா, மூச்சு அடைக்குதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"என்னால முடியல. கீழ பார்க்க முடியல."

இத்தனை வருஷம் லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்த்த மனுஷன். அதைச் சொன்னேன். "அங்க நாலு பக்கமும் சுவர் இருக்கும்டி" என்றார்.

டி. எத்தனை காலம் ஆயிற்று அதைக் கேட்டு.

திரும்பிப் போகப் பெட்டியோடு இடமில்லை. உதவிக்குக் கூப்பிடலாம் என்றால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நானோ வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் காலி ரோட்டில் கார் ஓட்டியவள், அவ்வளவுதான். ஆனால் ஊசி வேண்டாம் என்று முரண்டு பிடிப்பவர்களிடம் பேசும் குரல் ஒன்று எனக்கு இருக்கிறது. அது தானாக வந்தது. "இந்தப் பக்கம் வந்து உட்காருங்க. கண்ணை மூடிக்குங்க. நான் சொல்றப்ப மூச்சை விடுங்க, போதும்."

இரண்டாவது கியர். அதற்கு மேல் போடவே இல்லை. நடந்து வருகிறவன்கூட எங்களைத் தாண்டியிருப்பான். மெதுவாகப் போனதாலோ என்னவோ, பெட்டி ஆடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் லாரி, பஸ், அதற்குப் பின்னால் கார்கள், ஒரு ஊர்வலம். ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். இழுங்க, விடுங்க என்று இவருக்குச் சொல்லிக்கொண்டே வளைவு வளைவாக இறக்கினேன். அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி எல்லாருக்கும் வழி விட்டபோது ஒரு லாரிக்காரர் ஜன்னல் வழியாகப் பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இறங்கி ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. இவர் சிரிக்கவில்லை.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று: எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. பேச்சு இல்லை.

செப்டம்பர் 10, புதன்

இன்றைக்கும் மழை. இவர் காலையில் டீயைக்கூடத் தொடாமல் சொல்லிவிட்டார் — கடல் வேண்டாம், மலையைச் சுற்றிச் சமவெளி ரோட்டில் வீட்டுக்குப் போய்விடலாம், போனதும் பெட்டியை விற்றுவிடலாம்.

நான் நேற்று முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தவள். வெடித்துவிட்டேன். யாரைக் கேட்டு வாங்கினீங்க, இப்ப யாரைக் கேட்டு விக்கறீங்க? எனக்குப் பிடிக்கலைன்னா விக்கணும்னுதானே பேச்சு? எனக்குப் பிடிக்கலைன்னு நான் சொன்னேனா? அவர், மானம் போய்விட்டது என்கிறார். யாருக்கு முன்னாடி போச்சு, என் முன்னாடிதானே — நான் என்ன ஊரா?

வீட்டில் என்றால் இந்த இடத்தில் ஆளுக்கொரு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். இங்கே சாத்தக் கதவு ஒன்றுதான், அதற்கு வெளியே கொட்டுகிற மழை. இவர் அந்த மழையில் ஓடிப்போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். நான் பெட்டியில், அவர் காரில், நடுவில் கொக்கி. நல்ல குடும்பம்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு டீயைச் சுடவைத்து, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அதனாலேயோ என்னவோ பேச வந்தது அவருக்கு.

"உனக்கு அப்ப பயமே இல்லையா?"

"இருந்தது. கையில வேலை இருந்தா பயம் கொஞ்சம் தள்ளி நிக்கும். வார்டுலயும் அப்படித்தான்."

டீயை முழுக்கக் குடித்து முடித்த பிறகு சொன்னார்: "நீ வேலை பார்த்து நான் பார்த்ததே இல்ல. முந்தாநாள்தான் பார்த்தேன்."

அதன்பிறகு அவர் கேட்கக் கேட்க வார்டு கதையெல்லாம் சொன்னேன். மயக்கம் தெளியாமல் பாட்டுப் பாடியவர், என்னை மேலதிகாரி என்று நினைத்து லீவு கேட்டவர். இவர் ஒரு பிரசவத்தை லிஃப்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தே சமாளித்த கதையைச் சொன்னார். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிய லிஃப்ட். இத்தனை வருஷத்தில் எனக்குச் சொன்னதே இல்லை. ஏன் என்றேன். நீ தூங்கிட்டு இருந்திருப்பே என்றார்.

மழை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் எழுந்தால் பெட்டியில் இருந்த சாமானெல்லாம் புல்தரையில். ஏதோ கோபத்தில் என்னை வெளியேற்றுகிறார் என்றே நினைத்தேன். இல்லை. முகம் பளிச்சென்று இருக்கிறது. தன் டூல்ஸ் பெட்டியை, அந்த இரும்புப் பிசாசை, கொண்டுபோய்க் கடைசிக் கோடியில் வைத்திருந்தாராம். பின்பாரம் ஏறிப்போய்த்தான் வண்டி ஆடியிருக்கிறது.

லிஃப்டில் பாரம் ஒரு பக்கம் என்றால் சரிக்குச் சரி எடை மறுபக்கம் தொங்கும், அந்தக் கணக்கிலேயே காலம் தள்ளியவன் இதை யோசிக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சந்தோஷமாக அடித்துக்கொண்டார். கனமானதையெல்லாம் சக்கரத்துக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலேயும் வைத்தார். எதற்கு எது என்று எனக்குக் குச்சியும் செங்கல்லும் வைத்துக் காட்டினார். பாதி புரிந்தது. வேலை செய்யும்போது இவர் நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொள்கிறார். மகளும் பரீட்சைக்குப் படிக்கும்போது அப்படித்தான் செய்வாள். யாரிடமிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் கிளம்பினோம். எந்தப் பக்கம் என்று இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கார் கடல் பக்கம் திரும்பியது.

செப்டம்பர் 13, சனி

கடல். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே எங்கள் பெட்டி. காற்று அடிக்கிற அடியில் இவருடைய பனியன் ஒன்று பறந்து அடுத்த முகாமில் ஒரு பெண்மணியின் சூப்புப் பாத்திரத்தில் விழுந்தது. போய் மன்னிப்புக் கேட்டு வாங்கி வருவதற்குள் சாப்பாட்டுக்கே அழைப்பு வாங்கிவிட்டார். சூப்பு நன்றாகவே இருந்தது, நான் அதிகம் யோசிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் வரை நின்றோம். ஒவ்வொரு அலைக்கும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் விழாமல் இருப்பதற்காக என்று சொல்லிக்கொண்டார்.

மகள் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மலைக்கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். அவர் சொல்கிற கதையில் பெட்டி ஆடிய ஆட்டம் அதிகம்; நான் சொல்வதில் லாரிக்காரர் போட்ட கும்பிடு அதிகம். "ஒருத்தர் ஒருத்தரா பேசுங்களேன்" என்று கெஞ்சினாள் பாவம்.

செப்டம்பர் 18, வியாழன்

வீடு. அதே மலை வழியாகத்தான் வந்தோம். ஏற்றம் அவருக்கு, இறக்கம் எனக்கு என்று ஒப்பந்தம். இறக்கத்தில் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார், ஆனால் என்னையே பார்த்துக்கொண்டு. என்ன பார்வை என்றேன். இந்தப் பக்கம் காட்சி நல்லா இருக்கு என்றார். வயசுக்கேற்ற பேச்சா இது?

துவைக்க வேண்டிய துணி மலையாகக் கிடக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். ராத்திரி டியூட்டிக்கு ஆள் இல்லை, ஒரு மாதம் மட்டும் வந்து தாங்கிப் பிடிக்க முடியுமா என்று தலைமை நர்ஸ் கேட்டாள். நல்ல பெண், இல்லை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். முன்பெல்லாம் அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றிருப்பேன்.

"இல்லம்மா, நாங்க ஊர்ல இருக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இவர் கரண்டியும் கையுமாக அடுக்களை வாசலில் நிற்கிறார்.

"நாம எங்க போறோம்?"

தெரியவில்லை என்றேன். கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு மேப் எடுக்கப் போனார்.