மொட்டு நிலவரம்

அன்புள்ள அப்பாவுக்கும், ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கண்ணாடி போட முடியாத அப்பாவுக்காக இதை உரக்கப் படிக்கும் அக்காவுக்கும்,

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆறு வருடமாக நம் பால்கனித் தொட்டியில் பெயர், விலாசம் எதுவும் சொல்லாமல் குடியிருந்த முள்ளு மாமா இன்று முதல் 'நிலாக்கள்ளி' என்று அழைக்கப்படுவார். கண்டுபிடித்தவர், இந்த வீட்டின் தலைமை விஞ்ஞானியும், கணக்கில் இரண்டு முறை தவறியவருமாகிய அடியேன். கைதட்டலை நர்ஸ் முறைக்காத அளவோடு நிறுத்திக்கொள்ளவும்.

அப்பா, நீங்கள் லிப்ட் ரிப்பேருக்குப் போன ஏதோ ஒரு மொட்டைமாடியிலிருந்து பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்த ஒரு சாண் துண்டு அது. அந்த வீட்டாருக்கே பெயர் தெரியாது. "ராத்திரி பூக்கும், விடிஞ்சா போயிடும்" என்று மட்டும் சொன்னார்களாம். "முள்ளைத் தவிர ஒண்ணையும் காணோம்" என்று திட்டிக்கொண்டேதான் அம்மா தண்ணீர் ஊற்றினாள். நான் முறைப்படி ஆராய்ந்தேன். தண்டுக்கு மூன்று பட்டை. பட்டை நெடுக முள் கொத்து. அதில் ஒரு முள் என் கட்டைவிரலில் இன்னும் குடியிருக்கிறது. மொட்டின் மேல் மீன் செதில் மாதிரிப் பச்சை அடுக்கு. ஆகவே நிலாக்கள்ளி. செடி விற்கும் நர்சரிக்காரரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

அம்மா சலவைக்கடையில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறாள். வந்ததும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள். உங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் டூல் பையைக் கேட்டு வந்தார். "அப்பா வந்து அவரே எடுத்துக்குவார்" என்று கதவைச் சாத்தினேன்.

ஊசியைப் பாதியில் நிறுத்தச் சொன்னீர்களாம். "லிப்ட் மெக்கானிக்குக்கு மேல போறது என்ன புதுசா" என்று டாக்டரிடமே கேட்டீர்களாம். பிறகு மொட்டு விட்ட செய்தியைக் கேட்டதும், "சரி, அது பூக்கிற வரைக்கும் குத்திக்கோங்க" என்று கையை நீட்டியதாக அக்கா எழுதியிருந்தாள். மொட்டு நலம்.

அக்கா, இங்கே நிறுத்து. "அவ்வளவுதான்பா, மீதி எனக்கு" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போ. போய்விட்டாயா?

மொட்டு இல்லை.

நர்சரிக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஒரு துண்டு கொண்டு வா, பாத்துச் சொல்றேன்" என்றார். அப்பாவுக்குப் பெயரோடு எழுத வேண்டும் என்ற அவசரம் எனக்கு. எல்லாம் ஒன்றாக இருந்தால் அவருக்கு வசதி என்று நுனியை மொட்டோடு சேர்த்து வெட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, "தம்பி, இந்த வகையில நாலஞ்சு இருக்கு. பூ விரிஞ்சாத்தான் எதுன்னு சொல்ல முடியும். அதைத்தானே வெட்டிட்டு வந்திருக்க" என்றார்.

நிலாக்கள்ளி என்பது திரும்பும்போது பஸ்ஸில் நானே வைத்த பெயர். செடியில் இருந்ததே அந்த ஒரு மொட்டுதான். அடுத்த வருடம் வரலாம் என்றார், வராமலும் போகலாம் என்றார். போன கடிதத்தில் விரல் நீளம் வளர்ந்துவிட்டது என்று எழுதினேனே, அப்போதே அது டம்ளர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. பொய்ப் பெயரையும் சேர்த்து எழுத அன்றைக்குத் துணிவு வரவில்லை. முந்தாநாள் கறுத்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது. இருட்டில் போய் இருட்டில் வருகிறவள் செடியை எங்கே பார்க்கப் போகிறாள்.

எல்லாவற்றுக்கும் எனக்கு வாய் இருக்கிறது, இதற்கு இல்லை. எப்போது சொல்வது என்பதை நீயே பார்த்துக்கொள். ஒன்று மட்டும் கேட்கிறேன். செடி தானாக உதிர்த்துவிட்டது என்று சொல்லிவிடாதே. அப்பா அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வார். நான்தான் வெட்டினேன் என்றே சொல். படுத்துக்கொண்டு திட்ட அவருக்கு வராது. எழுந்து உட்காரட்டும்.

இப்படிக்கு,
விஞ்ஞானியும் இல்லை, ஒன்றும் இல்லை,
உன் தம்பி