ஐம்பது நிமிடக் குளிர்

அக்கா,

இன்று உங்கள் கேம்பர் வண்டியின் மேல் கிடந்த விரிப்பை உருவி எடுத்துவிட்டு, இந்தக் கோடையில் முதல் தடவையாக ஏசியைப் போட்டேன். அது இரண்டு முறை செருமியது. பிறகு வறுத்த மிளகாய்த்தூள் வாசத்தை நேராக என் முகத்தில் ஊதியது. ஒன்பது தும்மல். போன வருஷம் பதினொன்று. அதற்கு முந்தின வருஷம் எண்ணவே முடியவில்லை. ஏசியின் வடிகட்டியை வருஷத்துக்கு ஒரு முறையாவது கழுவுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக் கையெழுத்தும் வாங்குகிறவள் நான். உங்கள் ஏசியின் வடிகட்டியை மட்டும் இன்றுவரை கழுவவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேம்பர் படியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கண்ணீருக்குக் காரணம் தூள்தான். நீங்கள் வேறு விதமாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் அந்தக் கட்டடத்தில் நீங்கள் நாலாம் மாடி, கூரைக்கு நேர் கீழே. நான் மூன்றாம் மாடி. முதியோர் இல்லத்துச் சலவையறையில் நாள் முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வருவீர்கள். வீட்டில் இன்னொரு சலவையறை காத்திருக்கும். அந்தக் கோடையில் நான் ஏரிக்கரையில் ஒரு பெரிய வீட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாட்கள் முழுதாக ஒரு மனிதரின் வைன் போத்தல்கள் இருக்கிற அறைக்காக வேலை செய்தேன். போத்தலுக்குப் பன்னிரண்டு பாகைக் குளிர், ஒரு பாகை கூடினால் கைபேசிக்கு எச்சரிக்கை வரும். மாலையில் உங்கள் வீட்டுக்கு வந்தால் முப்பத்து மூன்று பாகைச் சூட்டில் நீங்கள் தரையில் ஈரத்துவாயை விரித்து அதன் மேல் படுத்திருப்பீர்கள். எச்சரிக்கை யாருக்கும் போகாது.

உங்களுக்கு நரம்பு நோய். டாக்டர்கள் எம்.எஸ். என்று இரண்டு எழுத்தில் முடித்துவிடுவார்கள். உடம்பு சூடேறினால் கால்கள் உங்கள் சொல்லைக் கேட்காது. குளிர்ந்தால் மறுபடி கேட்கும். "என்ர காலுக்குச் சுவிஸ் பாஸ்போட் கிடைச்சிட்டுது பிள்ளை, வெயில் எண்டா லீவு எடுக்குது" என்பீர்கள்.

கட்டடத்தை நிர்வகிக்கிற வெர்வால்டுங்குக்கு நான்தான் உங்களுக்காகக் கடிதம் எழுதினேன், டாக்டர் தந்த சான்றுத் துண்டையும் இணைத்து. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஏசி பொருத்தினால் கட்டடத்தின் வெளித்தோற்றம் கெடும். காலையில் சன்னல்களைத் திறக்கவும், பகலில் மூடவும். உங்கள் புரிந்துணர்வுக்கு நன்றி. நாம் எதையும் புரிந்துகொள்வதற்கு முன்னாலேயே நன்றி சொல்லிவிடுவார்கள். அந்தக் கட்டடத்தின் வெளித்தோற்றம் மழையில் நனைந்த பிஸ்கட் பெட்டி மாதிரி. நான் கெட்ட வார்த்தையில் கத்தினேன். நீங்கள் கடிதத்தை இரண்டாக மடித்து விசிறிக்கொண்டே கேட்டீர்கள்: "வண்டியின்ர கூரை அவையின்ர இல்லைத்தானே?"

அந்த வண்டியை நீங்கள் வாங்கியதே ஊருக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஒரு பிக்கப், அதன் முதுகில் ஏற்றி வைத்த சின்னப் பெட்டி. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியதும் கூரையைத் தள்ளி உயர்த்தினால் சுற்றிவரத் துணிச்சுவர் எழும்பும். உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, நிமிர்ந்து நிற்க ஒரு ஆளுக்கு இடம். புருஷனை விட்டு வந்த பெண்ணுக்கு ஒரு வீடு போதாதா என்று கோயிலில் பெண்கள் கதைத்தார்கள். "வீட்டுக்குச் சில்லு இல்லையே" என்று அவர்களிடமே போய்ச் சொன்னீர்கள்.

ஏசி எதற்கு என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. தூங்குவதற்கு என்றுதான் நான் நினைத்தேன். உங்களுக்கு வேண்டியிருந்தது தேர். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் தேர்த்திருவிழாவில், கிடங்காக இருந்து கோயிலான அந்தக் கட்டடத்தின் கார் தரிப்பிடத்தில், வடத்தைப் பிடிக்கக் கையை நீட்டிய இடத்திலேயே விழுந்தீர்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் நிழலில் கிடத்தினார்கள். ஏதோ குறை இருக்கிறது, அதுதான் சாமி வடத்தைத் தொட விடவில்லை என்று உங்கள் தலைக்கு மேலேயே ஒருத்தி சொன்னாள். நீங்கள் மயங்கியிருக்கவில்லை, எல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு போகவில்லை, போனில் பார்த்தீர்கள்.

"இந்த முறை போனில பாக்க மாட்டன். முதல் மூலை மட்டும் பிடிச்சாப் போதும். தேர் வெளிக்கிடுமட்டும் குளிருக்குள்ள இருக்கோணும். அவ்வளவுதான்."

நான் கடவுளை நம்பாதவள், கோயில் நிர்வாகத்தை அதைவிட நம்பாதவள். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம்தான் காரணம்.

முதல் முயற்சி என் மடத்தனம். உடைக்கப்போன ஒரு காரவானிலிருந்து கூரை ஏசி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து உங்கள் கேம்பர் கூரையில் பொருத்தினேன். முப்பத்திரண்டு கிலோ. நான் படித்தது மின்சாரம். எடையைப் பற்றிப் பரீட்சையில் யாரும் கேட்கவில்லை. அதுவரை நீங்கள் ஒரு கையால் தள்ளினால் எழும்புகிற கூரை அது. அன்று இரண்டு பேரும் உள்ளே நின்று தலையாலும் தோளாலும் முட்டி உயர்த்தினோம். நின்றது. நீங்கள் கைதட்டினீர்கள். கூரையைத் தாங்குகிற தண்டுகள் ஒரு பெருமூச்சு விட்டன. கூரை மெதுவாக, மிக மரியாதையாக, எங்கள் மேல் இறங்கியது. நீங்கள் கட்டிலில் மல்லாந்து சிரித்தபடி, நான் தரையில் நாலு காலில். வெளியே யாரோ தட்டினார்கள். உதவிக்கு ஆள் வந்துவிட்டது என்று கதவைத் தள்ளிக்கொண்டு தவழ்ந்து வந்தால், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அப்வார்ட் நின்றார். கூரைக்குக் கீழிருந்து இரண்டு பெண்கள் ஊர்ந்து வருவதைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் காட்டினார். பன்னிரண்டு மணி நாலு நிமிடம். மத்தியான அமைதி நேரம் தொடங்கிவிட்டது, ஒரு மணிக்குப் பிறகு துளையிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் முயற்சியில் கூரையை விட்டுவிட்டோம். சின்ன ஏசி ஒன்றைக் கீழ் அலுமாரிக்குள் வைத்து, பின்சுவரில் ஓட்டை போட்டுச் சூட்டை வெளியே தள்ளுவது என்று தீர்மானம். ஞாயிற்றுக்கிழமை துளையிட்டால் பொலிஸ் வரும். ஆகவே சனிக்கிழமை. ஆனால் நீங்கள் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சுவிஸ் ராகு காலம். மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு வேலை. இரண்டு ராகு காலங்களுக்கும் நடுவில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணித்தியாலம். நீங்கள் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, ஏசிக்குச் சந்தனம் பூசி முடிக்கவே இருபது நிமிடம் போய்விட்டது. மிச்ச நேரத்தில் ஓடிஓடி வேலை செய்தேன். அந்த அவசரத்தில் இருபத்தைந்து மில்லிமீட்டர் திருகாணி போட வேண்டிய இடத்தில் நாற்பதைப் போட்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

துணிச்சுவர் வழியாகக் குளிர் ஓடிப்போகாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும் என்றேன். அடுத்த நாள் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தீர்கள். வெளிப்பக்கம் வெள்ளிநிறத் தாள், நடுவில் பஞ்சு, உட்பக்கம் சிவப்புப் பட்டு. உங்கள் கல்யாணக் கூறைச் சேலை. ஊசிக்குக் கீழே போகிற சரிகையையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி பாக்கிறாய்? பதினாறு வருசம் பெட்டிக்குள்ள சும்மா கிடந்தது. இப்பதான் ஒரு வேலை செய்யுது."

தேரன்று வெயில் காலையிலேயே கொல்ல வந்தது. கோயில் வாசலில் செம்மஞ்சள் சட்டை போட்ட ஒரு மாமா எங்களைத் தடுத்தார். இந்த வரிசை நிர்வாகத்துக்கு மட்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் வண்டியை வரிசையில் விட்டு இயந்திரத்தை நிறுத்தியிருந்தீர்கள். கூரையை உயர்த்தினோம். எங்கள் பேட்டரி ஐம்பது நிமிடம் தாங்கும். அதற்கு மேல் இல்லை. தேர் பதினொரு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. நான் அதை நம்பிக் கணக்குப் பண்ணினேன். இந்த நாட்டில் பிறந்த குறை.

அலுமாரிக் கதவைத் திறந்து ஏசியைப் போடப் போகிற நேரம் மூன்று பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு உங்கள் தலைக்கு மேலே நின்று குறை சொன்னவளும் அதில் ஒருத்தி. பட்டைத் தடவிப் பார்த்தாள். கரையைக் கண்டுபிடித்தாள். "உது கூறையெல்லோ?" என்று தொடங்கி அடுத்த சொல்லுக்கு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். அதே நொடியில் நான் பொத்தானை அழுத்தினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் தங்கச்சி அனுப்பிய ஐந்து கிலோ மிளகாய்த்தூளை, வீட்டுச் சூட்டில் பழுதாகிவிடும், ஏசி வந்தால் தூளுக்கும் நல்லது என்று நீங்கள் பக்கத்துத் தட்டில் வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. என் நாற்பது மில்லிமீட்டர் திருகாணி பையைத் துளைத்திருந்தது. வழியெல்லாம் வண்டி குலுங்கியதில் தூள் சிந்தி ஏசியின் வாய்க்குள் போயிருந்தது. அது முழுவதும் சிவப்பு மேகமாக வெளியே வந்தது. அந்தப் பெண் கூறையைப் பற்றிச் சொல்ல வந்ததை இன்றுவரை சொல்லவில்லை. நாலு பேரும் தும்மினீர்கள், நான் அழுதேன், நீங்கள் தும்மலுக்கு நடுவில் "உப்பும் போட்டா கறி ரெடி" என்றீர்கள்.

ஈரத்துணியால் துடைத்து முடித்தபோது ஒன்று நடந்தது: அந்த மூன்று பெண்களும் போகவில்லை. குளிர் வரத் தொடங்கியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்கள். கூறையில் முதுகைச் சாய்த்தபடி.

பதினொன்றாகியும் தேர் அசையவில்லை. மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கும் பொன்னாடை. முப்பத்து நாலு பாகையில் மனிதருக்கு மேல் மனிதராகச் சால்வை சுற்றினார்கள். குழந்தைகள் கொதிக்கிற தார்த் தரையில் நின்றன. பேட்டரியில் பத்து நிமிடம் மிச்சம். நீங்கள் காலை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வேலைக் கால்சட்டையோடு மேடைக்குப் போனேன். தலைவரின் காதுக்குள் சொன்னேன்: "அக்காவின்ர பேட்டரி முடியப்போகுது. பேச்சை முடியுங்கோ."

யாருக்கு இதயத்தில் பேட்டரி என்று பதறி அவர் என்னோடு ஓடிவந்தார். கேம்பருக்குள் ஏறினார். ஒரு முறை தும்மினார். குளிர் அவர் மேல் பட்டது; மூன்று சால்வைகளோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். எழும்புவதாக இல்லை.

"நீங்கள் இருங்கோ தலைவர்" என்றீர்கள். "ஆனா பேச்சு முடிஞ்சுதெண்டு மைக்கில சொல்லச் சொல்லிப்போட்டு இருங்கோ."

அவர் வாசலில் நின்ற செம்மஞ்சள் சட்டைக்காரரிடம் கையைக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் மேளம் கேட்டது.

நீங்கள் இறங்கினீர்கள். நான் மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மெய்க்காவலாளி மாதிரிப் பின்னால் வந்தேன். வடத்தைப் பிடித்தீர்கள். கால் நடுங்கவில்லை. அறுபது அடி தூரம் இருக்கும் முதல் மூலை. ஒவ்வொரு அடிக்கும் நான் உங்கள் முழங்காலைப் பார்த்தேன்; சாமியைப் பார்க்கவே இல்லை. மூலை வந்தது. நீங்கள் வடத்தை விட்டீர்கள், கால்கள் உங்களை விட்டன, கதிரை சரியான இடத்தில் இருந்தது. உங்கள் மூக்கு நுனியில் இன்னும் மிளகாய்த்தூள்.

"எனக்கு இவ்வளவு காணும். இனி அவர் தானாப் போவார்" என்றீர்கள்.

அடுத்த பெப்ரவரியில் நீங்கள் போனது வெயிலால் அல்ல, நெஞ்சுச் சளியால். ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்கள். திட்டுவதற்கு ஒருவரும் இல்லாமல் போனதுதான் எனக்கு ஆத்திரம். இன்னும் அது அடங்கவில்லை.

கேம்பரை எனக்கு எழுதி வைத்திருந்தீர்கள். வெர்வால்டுங் நாலாம் மாடியை வெள்ளையடித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது. அவரும் காலையில் சன்னலைத் திறக்கிறார், பகலில் மூடுகிறார். கோயிலில் மட்டும் ஒரு மாற்றம். நிர்வாக வரிசையில் தலைவரே ஒரு பிளாஸ்டிக் கூம்பை வைத்து ஏசி வண்டிக்கு இடம் பிடித்துத் தருகிறார். கர்ப்பிணிகள், முழங்கால் வலிக்காரர், உங்கள் சலவையறைத் தோழிகள் எல்லோரும் வரிசையில் வந்து பத்துப் பத்து நிமிடம் கூறைக்குள் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவது யார் தெரியுமா? குறை சொன்ன அதே பெண். அதிகாரம் பண்ணுகிறாள். எனக்கு அவளை இன்னும் பிடிக்காது.

அந்த நாற்பது மில்லிமீட்டர் திருகாணி என் வேலைக் கால்சட்டைப் பையில் கிடக்கிறது. எந்தப் பலகையைத் துளைத்தாலும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் துளைக்கிறேன்.

தேருக்கு இன்னும் இரண்டு வாரம். கடவுளை நான் இப்போதும் நம்பவில்லை. ஆனால் போன இரண்டு வருஷமும் போல வடத்தைப் பிடிப்பேன், முதல் மூலை வரைக்கும். அங்கே விட்டுவிடுவேன். மிச்சத்துக்கு அவர் தானாகப் போகட்டும். எனக்கு ஓடிவந்து பேட்டரியைப் பார்க்க வேண்டும், உள்ளே ஆட்கள் இருப்பார்கள்.