போட்டியில்லாமல் வேண்டாம் என்றவளுக்கு

பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு நேற்றுக் காலையில் வெள்ளையடிக்க வந்தார்கள். தேர்தல் வருகிறது, சாவடி அங்கேதான். பழைய சுண்ணாம்பைச் சுரண்டியபோது உள்ளேயிருந்து உன் பூட்டு சாவி சின்னம் வெளியே வந்தது. நீலம் மங்கியிருந்தாலும் கோடு கலையவில்லை. "யாரு வரைஞ்சதுங்க?" என்று கேட்டார் வேலை பார்த்தவர். நான்தான் என்றேன். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருடைய அன்றைய வேலை கெட்டிருக்கும்.

விருத்தாசலத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே பீங்கான் பட்டறையில் இருந்தோம். நீ அச்சில் களிமண் கூழ் ஊற்றுவாய். நான் சுட்டு வந்த பொம்மைகளுக்குக் கண் எழுதுவேன். போக வர ஒரே பஸ். அந்த பஸ்ஸில்தான் ஒரு நாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "மல்லிகா, நான் தலைவருக்கு நிக்கப் போறேன்."

ஊராட்சித் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்குள் பெரிய மனுஷர்கள் கோயிலில் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். நெல் மண்டிக்காரரின் மனைவி தலைவராவார். பதிலுக்கு மண்டிக்காரர் கோயிலுக்கு மண்டபம் கட்டித் தருவார். வேறு யாரும் மனு போடக் கூடாது. ஓட்டுப் போடும் வேலையே மிச்சம் என்று பலருக்கும் நிம்மதி. நீ மறுநாளே பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் மனு போட்டாய்.

சாயங்காலமே உன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் பாயை விரித்தார். யாரும் உட்காரவில்லை.

"ஏம்மா, ஊரு ஒத்துமையா இருக்குது. நீ ஏன் ரெண்டாக்குற? வாபஸ் வாங்கிடு."

"ஊரு என்ன நெனைக்குதுன்னு யாரைக் கேட்டீங்க? என்னைக் கேக்கல. எங்க தெருவுல ஒருத்தரையும் கேக்கல. எனக்கு ஓட்டுப் போட வேணாங்க. ஆனா ஓட்டு நடக்கட்டும்."

"மண்டபம் வராமப் போச்சுன்னா உன்னாலதான்."

"மண்டபம் இல்லாமத்தான் சாமி இத்தினி நாளா இருக்குது. நானும் கும்புடுற சாமிதான் அது."

அதன்பின் உன் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் வரவில்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. நாம் விடியற்காலையில் எழுந்து, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரிலும் இடம் கொடுத்தவர்களின் வீட்டுச் சுவர்களிலும் பூட்டு சாவி வரைந்தோம். பாதிச் சுவர்களில் சாணியை அடித்தார்கள். கழுவிவிட்டு மறுபடியும் வரைந்தோம்.

நீ தோற்றாய். ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதேன். நீ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாய். "எதுக்கு அழுவுற? நான் ஓட்டு வுழுந்து தோத்தேன். அவங்க ஓட்டே வுழாம ஜெயிக்கப் பாத்தாங்க. அது நடக்கலல்ல?"

அதோடு விடுவாய் என்றுதான் ஊர் நினைத்தது. மே தின கிராம சபைக்கு நீ முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாய். தலைவர் நாற்காலியில் மண்டிக்காரர் இருந்தார். ஜெயித்த அம்மா பின்னால் ஓரமாக இருந்தார். "மேலத்தெருவுல ரெண்டு வேளை தண்ணி வருது. எங்களுக்கு ஏன் ஒரு வேளை?" என்று எழுந்து கேட்டாய்.

"தோத்தவளுக்கு என்ன பேச்சு?" என்று ஒரு குரல் வந்தது.

"தோத்தவங்களும் பேசத்தான் சபை. ஜெயிச்சவங்க மட்டும் பேசறதுன்னா வூட்டுலயே பேசிக்கலாமே!"

மண்டிக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். நீ கையை உயர்த்தினாய். "உங்களைக் கேக்கலைங்க. தலைவரைக் கேக்கறேன்." அப்புறம் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாய். "நீங்க சொல்லுங்க. ஊரு உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டுது."

 அவர் கணவரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு எழுந்தார். "நாளைக்கு நானே வந்து பாக்கறேன்." சொன்னபடி தனியாக வந்தார். குழாயடியில் நின்று விசாரித்தார். ஒரு வாரத்தில் நம் தெருவுக்கும் இரண்டு வேளை தண்ணீர் வந்தது. அடுத்த சபையில் அந்த நாற்காலியில் அவரே இருந்தார்.

உங்களுக்குள் சிநேகம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஒவ்வொரு சபையிலும் நீ கேட்டாய். சில நாள் அவர் பதில் சொன்னார், சில நாள் எரிந்து விழுந்தார். வயிற்றுக் கட்டியோடு பாண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "சபையில தெருவிளக்கு பத்திக் கேட்டியா?" என்றுதான் என்னை விசாரித்தாய். நீ செத்துப்போன அன்றைக்கு, உன்னை எடுக்கும் வரை அந்த அம்மா உன் வாசலிலேயே நின்றிருந்தார். போகும்போது என்னிடம், "இனிமே என்னை யாரு கேள்வி கேப்பாங்க?" என்றார். 

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. கோயிலில் மறுபடி கூடினார்கள். அந்த அம்மா தங்கள் சொல்படி கேட்பதில்லை என்று மண்டிக்காரரின் தம்பி மனைவியைப் பேசி முடித்தார்கள். இந்த முறை மண்டபத்துக்குப் பதில் தேர். வேறு யாரும் மனு போடக் கூடாது என்று மறுபடியும் அதே பேச்சு. அந்த அம்மா மனு போட்டார். நானும் போட்டேன். அலுவலக வாசலில் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "உன்னையும் தோக்கடிக்கணுமா?" என்றார். "முடிஞ்சா பாருங்க" என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் என் வாசலுக்கு வந்தார்கள். "அவ போயிட்டா, இப்ப இவ" என்றார் ஒருவர். வாபஸ் வாங்க மாட்டேன் என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். போய்விட்டார்கள்.

உன் வாசலுக்கு அவர்கள் வந்த அன்றைக்கு நீ கொஞ்சமும் பயப்படாமல் நின்றதாக ஊரில் இன்னும் பேசுகிறார்கள். உனக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் என் கையைப் பிடித்திருந்தாய். உன் நகம் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது. அவர்கள் போனதும் தண்ணீர் கேட்டாய். சொம்பைப் பிடிக்க முடியாமல் புடவையெல்லாம் நனைத்துக்கொண்டாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று என் கையும் அப்படித்தான் நடுங்கியது. நடுங்கிக்கொண்டேயும் முடியாது என்று சொல்லலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது உன்னிடமிருந்து வந்தது. யார் வந்து கேட்டாலும் வாபஸ் இல்லை.