வண்டியின் கடைசி நிறுத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

"உங்க வாசகர்கள்கிட்ட கொடுத்தா புத்தகம் கிழிஞ்சுதான் திரும்பும்" என்று எங்கள் சின்ன நூலகத்துக்கு இரவல் தர மறுத்தாரே பெரிய நூலகத்தின் தலைவர், நினைவிருக்கிறதா? அன்றே மனதுக்குள் கறுவிக்கொண்டேன். வஞ்சம் வைக்கும் குணம் உங்களிடமிருந்து வந்ததாம், அம்மா சொல்வாள்.

சுற்றுவட்டாரத்துச் சின்ன நூலகங்களை ஒன்றுசேர்த்தேன். எல்லோருடைய புத்தகங்களும் இப்போது ஒரே வண்டியில் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. மாலையில் எங்கள் நூலகத்தில் உட்கார நாற்காலி கிடைப்பதில்லை. கூட்டமைப்பின் தலைவி நான்தான்.

போன வாரம் அந்தப் பெரிய நூலகத் தலைவரே தேடி வந்தார்.

"எங்களையும் சேர்த்துக்குங்கம்மா. எங்க வாசகர்கள் எல்லாம் உங்க பக்கம் வந்துட்டாங்க."

"தாராளமா சார். ஆனா வண்டி சின்ன நூலகத்துக்குத்தான் முதல்ல போகும். நீங்க ரொம்பப் பெரியவங்க, கடைசியா வரும்."

அந்த விதியை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை.

அம்மா போர்த்துகிற பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது. மற்றவர்கள் எடுத்தது போக மிச்சத்தை அவர் வாசலில் இறக்க, இன்று நானே போகிறேன்.

உங்கள் மகள்