டாக்டரிடம் நான் சொன்ன பதில்கள்

அப்பியா,
1918 நவம்பர் 19, செவ்வாய் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் எபெனேசா வணங்கி எழுதுவது. நீங்களும் அம்மாவும் தங்கைகளும் சவாய் தீவில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் ஜெபிக்கிறேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, பெரிய படகில் என்னை அழைத்துப்போக வருவதாகப் படகுக்காரர் பீட்டா மூலம் சொல்லியனுப்பினீர்கள். அவர் கரையிறங்காமல் படகில் நின்றபடியே கத்திச் சொன்னார். வர வேண்டாம் அப்பா. இதை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதை இனி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் கடிதம் எழுதக்கூடாது என்று தலைமை நர்ஸ் உத்தரவு போட்டிருக்கிறார். அதனால் துணி அறையில் ஒளிந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மெழுகுவர்த்திதான் காரணம்.

இந்தக் கொள்ளைக் காய்ச்சலால் பள்ளிக்கூடத்தை மூடி எட்டு நாளாகிறது. டீச்சரம்மாவே படுத்துவிட்டார்கள். நடக்க முடிந்த பெண்களை இங்கே வேலைக்கு அனுப்பினார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால், டாக்டர் கேட்பதை நம் ஆட்களுக்கும் அவர்கள் சொல்வதை டாக்டருக்கும் சொல்லும் வேலை கொடுத்தார்கள்.

முதல் நாள் லேடோவா என்று ஒரு குடும்பத் தலைவர். மூக்கில் ரத்தம் நிற்கவே இல்லை. எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதும், கையூன்றி எழுந்து காலை மடக்கி உட்கார்ந்தார். "ரொம்ப நல்லா இருக்கேன், எல்லாம் உங்க தயவு. நீங்கதான் பாவம், சாப்பிடக்கூட நேரமில்லாம அலையிறீங்க" என்றார். தேடி வந்து நிற்கும் பெரிய மனிதரிடம் நம்மவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். நான் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். டாக்டர் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி வெளிக்கொட்டகையில் படுக்கவைக்கச் சொன்னார். அன்று மழை. சாயங்காலம் இறந்துபோனார். மறுநாள் அப்படியே இன்னும் நான்கு பேர். நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டரிடம் சொன்னது நான்தான் அப்பா.

மூன்றாம் நாள் நானே மாற்றிச் சொன்னேன். இவருக்கு நெஞ்சு வலிக்கிறதாம், இவரால் மூச்சுவிட முடியவில்லையாம் என்று. ஆறாவது கட்டிலில் டாக்டர் திரும்பிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் எல்லாரும் சௌக்கியம். இன்னிக்கு எல்லாருக்கும் நெஞ்சுவலியா? யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார். நம் வழக்கத்தை அழுதுகொண்டே விளக்கினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சரிம்மா, நம்புறேன். நம்பி நான் என்ன பண்ண? நாப்பது கட்டில்தானே இருக்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இருமல்.

மருந்து என்று இருப்பது விளக்கெண்ணெய்தான். நீங்கள் டாக்டருக்குக் காணிக்கையாக ஒரு பன்றியும் நல்ல பாயும் கொண்டுவருகிறீர்கள் என்று என் தோழி ஃபுவாதினோவிடம் சொன்னேன். "ஏன்டி, அந்தப் பன்னிக்கும் சேத்து விளக்கெண்ணெய் குடுத்துருவாரு, பாத்துக்கோ" என்று சிரித்தாள். சனிக்கிழமை சிரித்தாள். திங்கட்கிழமை வண்டியில் போனாள். வண்டி காலையும் மாலையும் வருகிறது. எல்லோரையும் ஒரே குழியில் வைக்கிறார்கள். குளிப்பாட்ட யாரும் இல்லை. அவள் தலைமுடியை மட்டும் நான் பின்னிவிட்டேன்.

லேடோவாவை அவருடைய இரண்டு மகன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பாவைத் தனியாக விடமாட்டோம் என்று பாயருகிலேயே உட்கார்ந்தார்கள், அவர் தின்று மிச்சம் வைத்த சேம்பங்கிழங்கைத் தின்றார்கள். இப்போது இருவரும் இல்லை. நீங்கள் வந்தால் நீங்களும் வெளியே நிற்க மாட்டீர்கள். பன்னிரண்டு பேரும் உள்ளே வருவீர்கள். பிறகு அதே படகில் அம்மாவிடம் திரும்புவீர்கள்.

இன்று முதல் டாக்டர் பின்னால் என் வகுப்புப் பெண் லூசா போகிறாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எனக்குத் துணி மடிக்கும் வேலை. உட்கார்ந்தே செய்யலாம், சிரமம் இல்லை. நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன் அப்பா.

விடிந்ததும் பீட்டா படகில் இருந்தபடியே இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்வார். படித்ததும் எரித்துவிடுங்கள். அங்கே யாருக்காவது காய்ச்சல் கண்டால் கடலில் குளிக்க விடாதீர்கள், போர்த்திப் படுக்கவையுங்கள். யார் கேட்டாலும் வலியை வலி என்றே சொல்லச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்லியும் உங்கள் மனம் கேட்காது என்று எனக்குத் தெரியும். வந்தே தீருவீர்கள் என்றால், பவளத்திட்டுக்கு அப்பாலேயே படகை நிறுத்திவிடுங்கள். நான் பள்ளிக்கூட வெள்ளை உடுப்பில் கரையில் வந்து நிற்கிறேன், கண்ணாரப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் அங்கே இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம் அப்பா. வேலையில் இருப்பேன். கரைக்கு வந்து யாரிடமும் விசாரிக்காமல், உடனே படகைத் திருப்புங்கள்.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
எபெனேசா