சேலத்து வெயிலுக்குப் போட்ட கணக்கு

என் ஆசை அண்ணாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஏற்காட்டு மலையில், நம் ஊர் வெள்ளக்கடையில் மிளகு சரம் விட்டிருக்கிறது. உங்கள் வண்டியை அண்ணியே ஓட்டப் பழகிவிட்டார். வளைவில் மட்டும் காலை ஊன்றி ஊன்றி வருகிறாராம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ.

நான் சேலத்தில் அதே பள்ளிக்கூடத்தில்தான் வேதியியல் நடத்துகிறேன். இந்த வாரம் வினைவேகப் பாடம். வினைவேக மாறிலியை எழுதினால் பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அரை மார்க் போச்சு என்று பிள்ளைகளை மிரட்டுகிறவள் நான். நேற்று ஒரு பெண் எழுந்து, "மிஸ், அப்ப ஒரே வினை இங்க வேகமாவும் ஏற்காட்டுல மெதுவாவும் நடக்குமுங்களா?" என்று கேட்டாள். நடக்கும் என்றேன். அதற்கு மேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

மார்கழியில் போன் பண்ணினீர்களே, நினைவிருக்கிறதா? சாமை மூட்டைகளில் வண்டு விழுந்ததால், வண்டைக் கொல்லும் புகை மாத்திரை வைத்து அறையை அடைத்திருந்தீர்கள்.

"ஏங்கண்ணு, எத்தன நாள்ல தொறக்கலாம்? உங்கண்ணியோட அம்மா ஊட்ல விசேசம், சாமை கொண்டோகோணுமாம்."

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாத்திரை காற்றின் ஈரம் பட்டு விஷவாயுவைக் கக்கித் தீர்வதை முதல் வகை வினை என்று வைத்துக்கொண்டு, பாதி, பாதியில் பாதி என்று மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டேன். "நாலு நாள் போதுமுங்கண்ணா, அப்பறம் வெறுஞ் சாம்பல்தான்" என்றேன்.

அது சேலத்து வெயிலுக்கான மாறிலி. நம் மலையில் அப்போது பல் கிட்டும் குளிர். அங்கே அதே மாத்திரை பாதிகூடத் தீர்ந்திருக்காது. அங்கே குளிரா அண்ணா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? நீங்களும்தான், டப்பாவில் அச்சடித்திருந்ததை விட்டுவிட்டு என் வாய்ச்சொல்லையா நம்புவீர்கள்? ஐந்தாம் நாள் காலையில் திறந்து, பனி உள்ளே வருகிறதென்று கதவைச் சாத்திக்கொண்டு சாமை அளக்க உட்கார்ந்தீர்கள். உங்களை வெளியே தூக்கி வந்தபோது மூச்சு இல்லை.

ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? "அவ அவசரப்படுத்துனா, அவன் போய்ச் சேந்துட்டான்." உங்கள் சாவு வீட்டிலேயே நம் பெரியம்மா அண்ணியைக் காட்டி அதை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அண்ணியும் அப்படித்தான் நம்புகிறார். "நாந்தான் கண்ணு தொரத்துனேன், நொம்பத் தொரத்துனேன்" என்று என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவியபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் கோழை, அண்ணா. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது நம் வீட்டிலேயே நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மலை ஏறுகிறேன். பெரியம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அண்ணியின் முன்னால் நின்று, நாள் சொன்னது நான்தான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்காமல் போகலாம். போகட்டும். அண்ணி ஒரு வேளையாவது தன்னைத் திட்டிக்கொள்ளாமல் சாப்பிடட்டும்.

மன்னிப்புக் கேட்க வாயில்லாத,
உங்கள் கூடப் பிறந்தவள்